சிவப்புக் கோடு

அந்த ஒரு சொல்லைத் திரும்ப விழுங்கிவிட முடியாதா என்றிருந்தது அனுப்பிரியாவுக்கு.

இடுப்பு வலி ஆராய்ச்சிக்காகச் சிதம்பரத்திலிருந்து முதுநகர் துறைமுகத்துக்கு வந்தவள், மீன் கூடை சுமக்கும் அமராவதியின் முதுகில் சென்சாரைக் கட்டினாள். அமராவதி முழங்காலை மடக்கி, பதமாகத் தூக்கினாள். லேப்டாப்பில் முதுகு தாங்கும் பாரத்தைக் காட்டும் கோடு அசையவே இல்லை.

“டாக்டர் இப்பிடித்தான் தூக்கச் சொன்னாரு பாப்பா.”

“இன்னிக்கு மட்டும் பழையபடி தூக்குங்கக்கா.”

அமராவதி சடாரெனக் குனிந்து தூக்கினாள். கோடு சிவப்பாகி உச்சிக்குப் பாய்ந்தது. “சூப்பர்!” என்று கத்தியேவிட்டாள் அனுப்பிரியா.

நிமிர்ந்து பார்த்தால், அமராவதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சிரிக்கிறாள்.

“நல்லா வந்துச்சா பாப்பா? வரலன்னா சொல்லு, இன்னொரு வாட்டி தூக்கறேன்.”