அம்மாவாசி வயிற்றில் ஊறிய கள்

தேவாரத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த அம்மாவாசி, நாற்பது வயது தாண்டியும் கள்ளை நாக்கில் தொட்டுப் பார்த்தவரில்லை. எதிரே குடித்தவன் வந்தால் தோள்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவின் மறுபக்கம் போய்விடுவார்.

ஊரூராகக் கள்ளுக்கடை மறியல் நடந்த அந்த வருஷம் தேவாரத்திலும் ஒரு மதுவிலக்குச் சங்கம் ஏற்பட்டது. யாரைத் தலைவராகப் போடுவது என்ற பேச்சு வந்ததும் கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதாவது ஒரு தீபாவளிக்காவது தென்னந்தோப்புக் கள்ளுக்கடைக்குப் போய்வராத ஆள் அங்கே ஒருவரைத் தவிர யாருமில்லை. கடைசியில் எல்லார் கண்ணும் அம்மாவாசி மேல் வந்து நின்றது. அவர் தலைவரானார். ஆன கையோடு, விடுவதுதான் விடுகிறோம் என்று கவுச்சியையும் விட்டுவிட்டதாகச் சபையில் அறிவித்தார். அது அவர் மனைவி மொக்கம்மாளுக்குப் பிடிக்கவேயில்லை. ஒரு வீட்டில் ரெண்டு அடுப்பா எரியும்? அன்றிலிருந்து அவளுக்கும் கறிக்குழம்பு போயிற்று.

அம்மாவாசிக்கு வெகுகாலமாகவே வயிறு சரியில்லை. தின்றது நெஞ்சிலேயே நிற்கும். ஏப்பம் விட்டால் மண்டியில் தூங்கும் பூனை எழுந்து ஓடும். உடம்பெல்லாம் அரிப்பு, மத்தியானமானால் ஒரு சோர்வு. சந்தைக்கு வந்த ஒரு நாடோடி வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "குடலைக் கழுவி விட்டாப் போதும்" என்று ஒரு பேதி மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கழுவிற்று, நன்றாகவே கழுவிற்று. ஆள் பாதியாகிவிட்டார். நாக்கில் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு வெள்ளை படிந்தது.

போன உடம்பைத் திருப்பிக் கொண்டுவர மொக்கம்மாள் மூன்று வேளையும் பச்சரிசிச் சோறும் வெல்லம் போட்ட பாயசமுமாகப் படைத்தாள். போதாததற்கு மண்டியில் பழுத்துக் கறுத்து, வண்டியேற்றினால் தாங்காது என்று ஒதுக்கிய பழங்களையெல்லாம் அம்மாவாசியே தின்று தீர்த்தார். ஒரு பழம் வீணாகப் போனால் அவருக்கு மனசு ஆறாது.

அப்போதுதான் அது நடந்தது.

சாயங்காலம் தோப்பு வாசலில் வழக்கம்போல மறியல். அம்மாவாசி பேச எழுந்தார். எழுந்ததுமே தென்னைமரங்களெல்லாம் தனக்கு வணக்கம் சொல்லக் குனிவதுபோல அவருக்குத் தோன்றியது. நல்ல மரங்கள், மரியாதை தெரிந்த மரங்கள் என்று நினைத்துக்கொண்டார். உலகத்தின் மேலேயே ஒரு பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது.

"அன்பான சகோ... சகோ..." என்றார். வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. "உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்" என்று குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். சங்கத்துச் செயலாளர், தையல்காரர் சங்கிலி, ஓடிவந்து நிமிர்த்திவிட்டார். நிமிர்ந்த வேகத்தில் அம்மாவாசி நேரே கடைக்குத்தகைக்காரன் கருத்தக்கண்ணனிடம் போய் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ தங்கமான பயடா. இந்தக் கடை மட்டும் இல்லேன்னா ஒனக்கு எங்க வீட்டுல பொண்ணு குடுப்பேன்டா."

கருத்தக்கண்ணன் மூக்கை உறிஞ்சினான். திரும்பவும் உறிஞ்சினான்.

"கள்ளு!" என்று கத்தினான். "ஏலே, தலைவரு கள்ளு குடிச்சிருக்காக!"

உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் கலயத்தோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். அம்மாவாசி அவர்களுக்கும் கும்பிடு போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார். பிறகு படுத்தார்.

வாழைத்தார் ஏற்றும் வண்டியிலேயே அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். தெளிந்து கண்ணைத் திறந்தபோது மொக்கம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"எங்கன குடிச்சீக?"

"குடிக்கலடி. ஒம்மேல சத்தியமா."

"குடிக்கலையா? அப்ப இந்த வாய் யாரோடது?"

 அவர் உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தார். கள் வாசனைதான்.

மறுநாள் மொக்கம்மாள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு தோப்புக்கே போனாள். கருத்தக்கண்ணனைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவன் பாதி அழுகையாகச் சொன்னான்: "ஆத்தா, சுருளி வேலப்பர் சாட்சியாச் சொல்லுறேன், எங்கடையில அவுக ஒரு சொட்டு வாங்கல. எனக்கு வயித்தெரிச்சலே அதுதான்! நிக்கிறது என் கடை வாசல், குடிக்கிறது எவன் கடையிலயோ. கோம்பைக் கடைக்காரன் ஏதும் நல்ல சரக்கா எறக்குறானா? நீயாவது கேட்டுச் சொல்லு ஆத்தா."

அந்த வாரத்திலேயே இன்னும் சில தடவை அப்படி ஆயிற்று. ஒரு நாள் மண்டியில் தராசைக் கட்டிக்கொண்டு அழுதார். இன்னொரு நாள் கோயில் காளைக்கு மாலை போடப் போய் அதன்மேலேயே சாய்ந்து தூங்கினார். கருத்தக்கண்ணன் அவருக்குப் பின்னாலேயே ஒரு ஆளை விட்டுப் பார்த்தான். மண்டி, வீடு, மண்டி, வீடு என்று நடந்து அந்த ஆளுக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

அம்மாவாசிக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்துபோய்க் குடிக்கிறேனோ? நடந்தது மறந்துபோகிறதோ? மனசு குன்றிப்போய்ச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"என்னையப் பூட்டி வையுங்க" என்றார். "பூட்டிக் காவல் போடுங்க. நான் குடிகாரனா இல்லையான்னு எனக்கே தெரியணும்."

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்து அறை ஒன்றில் அவரை வைத்தார்கள். சங்கிலி காவல். தானும் காவலிருப்பேன் என்று கருத்தக்கண்ணன் வந்து நின்றான். "சங்கத்து ஆளுக மட்டும் இருந்தா ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்குடுத்துருவாக. இதுல என் தொழிலும் அடங்கியிருக்கு" என்றான். சொன்னது நியாயமாகப் பட்டது. அம்மாவாசியின் மடியை அவிழ்த்து உதறினார்கள். துண்டைப் பிழிந்து பார்த்தார்கள். குடுமிக்குள்கூட விரலை விட்டுத் துழாவினார்கள். குடிக்கிற தண்ணீரைச் சங்கிலி ஒரு மடக்கு, கருத்தக்கண்ணன் ஒரு மடக்கு குடித்துப் பார்த்த பிறகே உள்ளே வைத்தார்கள்.

மத்தியானம் மொக்கம்மாள் சோறும் பாயசமும் ஒரு சீப்புப் பழமும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பயத்தில் எல்லாவற்றையும் தின்றார். பயம் வந்தால் அவருக்குப் பசியும் வரும்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு விக்கல். அப்புறம் மறியல் பாட்டைத் தாலாட்டு மெட்டில் பாட ஆரம்பித்தார். பாடிக்கொண்டே, வாழைத்தாரை வெட்டும்போது மரத்துக்கு வலிக்குமே என்று தேம்பித் தேம்பி அழுதார்.

கருத்தக்கண்ணன் கிட்டே போய், பானையைச் சோதிக்கிற மாதிரி அவர் வாயருகே மூக்கை வைத்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது.

"அன்னிக்கு எறக்கின கள்ளு மாதிரி இருக்கு" என்றான் மெதுவாக. "கலப்படமே இல்ல."

உடனே அவனும் சங்கிலியும் ஒரே நேரத்தில் ஒருவர் மடியை ஒருவர் பிடித்தார்கள். நீதானே கொடுத்தாய், நீதானே கொடுத்தாய் என்று அறைக்குள் ஒரு கட்டிப்புரளல். நடுவில் உட்கார்ந்து அம்மாவாசி ரெண்டு பேருக்கும் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார்.

யாரோ குடித்துச் செத்தவனின் ஆவி பிடித்திருக்கிறது, கோடாங்கியைக் கூப்பிடலாம் என்றார்கள் ஊரில். மொக்கம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "குடிக்க ஆசைப்படுற ஆவி மதுவிலக்குத் தலைவரையா வந்து பிடிக்கும்? அதுக்குக்கூடவா புத்தியில்ல?" என்று கேட்டாள். அவள் கண்ணால் பார்த்தது ஒன்றுதான்: சாப்பிடாமல் கிடந்த நாளில் அவர் தெளிவாக இருந்தார். அதைச் சொல்லி அவரை மோட்டாரில் ஏற்றி உத்தமபாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் ஞானசிகாமணி தன் வீட்டு முன்னறையில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் முழுக் கதையையும் சிரிக்காமல் கேட்டார். அதுவே அம்மாவாசிக்குப் பெரிய ஆறுதல். நாக்கை நீட்டச் சொல்லி, வெள்ளையைக் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு அம்மாவாசியையும் பார்க்கச் சொன்னார். உருண்டை உருண்டையாக, ஒன்றின்மேல் ஒன்று மொட்டு விட்டதுபோல ஏதோ தெரிந்தது.

"இது ஈஸ்ட் மாதிரி தெரியுது" என்றார் டாக்டர். "கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை. ஆப்ப மாவுக்குக் கொஞ்சம் கள்ளு ஊத்தினா மாவு பொங்குதில்ல? பொங்க வைக்கிறது இதோட சாதிதான். இனிப்பும் மாவுப்பொருளும் கெடச்சா அதைத் தின்னுட்டுச் சாராயமாக்கும். பானையில நடக்குறது உங்க வயித்துல நடக்குதோன்னு நினைக்கிறேன்."

"ஐயா, அப்ப நான் குடிக்கல?" என்றார் அம்மாவாசி. 

"நீங்க குடிக்கல. உங்களுக்குள்ளயே ஊறியிருக்கு."

"இந்த அரிப்பு, ஏப்பம், சோர்வு எல்லாமே அதனாலதானுங்களா?" என்று மொக்கம்மாள் கேட்டாள்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்படி ஒரு கேஸை நான் பார்த்ததுமில்ல, படிச்சதுமில்ல. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்ம்மா. அந்தப் பூஞ்சையைப் பட்டினி போட்டுப் பார்ப்போம். கொஞ்ச நாளைக்குச் சோறு வேண்டாம், வெல்லம் வேண்டாம், பழம் வேண்டவே வேண்டாம். முட்டை, கறி, மீன், கீரை. அவ்வளவுதான்."

அம்மாவாசிக்குத் தலை சுற்றியது, இந்தத் தடவை வேறு காரணத்தால். "ஐயா, சபையில சொல்லிக் கவுச்சியை விட்டவன்யா நான்."

டாக்டர் பதில் சொல்வதற்குள் மொக்கம்மாள் எழுந்துவிட்டாள். "டாக்டரய்யாவே சொல்லீட்டாக. சபையில நான் பேசிக்கிறேன்" என்றவள், திரும்பும் வழியிலேயே ஆட்டுத் தொடை ஒன்று வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் எழுந்த மணத்துக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. அம்மாவாசி கண்ணை மூடிக்கொண்டு முதல் துண்டை வாயில் வைத்தார். மூடிய கண்ணோடே ரெண்டாவது துண்டைக் கேட்டார்.

ஆச்சரியம், போதை நின்றது. நாளாக ஆக நாக்கின் வெள்ளை கரைந்தது. அரிப்பும் பாதி குறைந்தது. ஏப்பம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. நிமிர்ந்து தெருவில் நடந்தார்.

ஆனால் கதை அதற்குள் தோப்புக்குப் போய்விட்டது. கருத்தக்கண்ணன் தான் முகர்ந்ததைக் கண்ட ஆளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். மொக்கம்மாள் சபையில் சொன்ன டாக்டர் பேச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. சோறும் வெல்லமும் பழமும் தின்றால் வயிற்றிலேயே கள் ஊறுமாம்! மறுநாளிலிருந்து மண்டி வாசலில் கூட்டம். ஊரிலேயே பெரிய குடிகாரனான வண்டிக்காரன் பிச்சைமணிதான் முதல் ஆள்.

"அண்ணே, எந்தப் பழம்ணே? பச்சை வாழையா, நாட்டு வாழையா?"

"எதுக்குடா?"

"சும்மா சொல்லுங்கண்ணே. நமக்குள்ள என்ன?"

அழுகின பழம்கூட மிஞ்சவில்லை. கள்ளுக்கடை காற்று வாங்கியது. குடிகாரர்களெல்லாம் தின்றுவிட்டுக் கண்மாய்க் கரையில் மல்லாந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, எப்போது ஊறும் என்று காத்துக் கிடந்தார்கள். பிச்சைமணி தனக்கு லேசாக ஏறுவதாகச் சொன்னான். பார்த்தவர்கள் அவன் முகம் வெளுத்ததைத்தான் கண்டார்கள். எழுந்தவன் புதர்ப்பக்கம் ஓடினான்.

சங்கிலிக்குத் தலைகால் புரியவில்லை. "இத்தனை நாள் மறியல்ல நடக்காதது பழத்துல நடந்துருச்சுண்ணே! சும்மா இருங்க. வாயைத் திறக்காதீக."

அம்மாவாசி சும்மா இருந்து பார்த்தார். முடியவில்லை. கருத்தக்கண்ணன் வேறு வந்து நின்றான். "அண்ணே, நீங்க வாசல்ல நின்னு திட்டினீக, பொறுத்துக்கிட்டேன். இது அநியாயம்ணே. பொய்யில என் கடையை அடைக்கிறீக" என்றான். அவன் பின்னாலேயே குடிகாரர்களின் பெண்டாட்டிமார் ஒரு கூட்டமாக வந்தார்கள். "கள்ளு குடிச்சாலும் ஒரு மூலையில கெடப்பாக. இப்ப வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளுறாக. நாங்க ஆருகிட்டப் போயிச் சொல்ல?"

அன்று சாயங்காலம் அம்மாவாசி தோப்பு வாசலுக்குப் போனார். ஆள் அனுப்பிக் கண்மாய்க் கரைக் கூட்டத்தையும் வரச்சொன்னார். இந்தத் தடவை வார்த்தை நாக்கில் ஒட்டவில்லை.

"எனக்கு வந்தது நோக்காடு. அது எல்லாருக்கும் வராது. நீங்க எம்புட்டுத் தின்னாலும் வயித்துவலிதான் வரும், கள்ளு வராது. பழம் தின்னு போதை ஏறுதுன்னு எவனாச்சும் சொன்னா அது பொய். அதுக்காக என் மண்டியில பழம் வாங்காதீக. கள்ளும் குடிக்காதீக. அம்புட்டுத்தான்."

 கூட்டத்தில் ஒருவன் வேட்டி மண்ணைத் தட்டிக்கொண்டு கடைக்குள் போனான். அவன் பின்னால் இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் உள்ளே பழையபடி சத்தம் கேட்டது. சங்கிலி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கருத்தக்கண்ணன் கலயங்களை எடுத்து வைத்துக்கொண்டே அம்மாவாசியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

அம்மாவாசி வழக்கமான இடத்தில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். மனசு கனத்தாலும் கால் தடுமாறவில்லை. பக்கத்தில் நிழல் தட்டியது. பிச்சைமணி.

"நீ உள்ள போகலையாடா?"

"இல்லண்ணே" என்றான் அவன், வயிற்றைப் பிடித்தபடி. "கள்ளு வாசம் வந்தாலே அந்தப் பழம் ஞாபகம் வந்து கொமட்டுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நானும் இங்கனயே நிக்கிறேன்."

அம்மாவாசி தள்ளி நின்று இடம் கொடுத்தார்.