வாயிற்படியில் தக்கிதே

வெள்ளம் வடிந்த இரண்டாம் திங்கள், ஒன்பதாம் நாள். மாலை வகுப்பில் கேட்டதைப் பாதியே விளங்கிக்கொண்டு, அக்காளின் திருமணத்தில் வாய் திறந்தது என் பிழை.

நீலாற்றின் மேல் ஞாயிறு சாய, இரும்புலைகளின் புகை வேலமரங்களின் முடிமேல் முகிலெனப் படிய, மெரோவே நகரின் புதுக் கல்வளைவுகள் செவ்வொளியில் தோய்ந்து நின்றன. போரில் எம்மை வெல்ல இயலாத உரோமர், உடன்படிக்கைக்குப் பின் வளைவுகளாலும் வெந்நீர்க் குளியலாலும் இலத்தீன் வகுப்புகளாலும் எம் தெருக்களை மெல்ல வென்றிருந்தனர். எனினும், எம் ஒவ்வொரு வாயிற்படியின் கீழும் உரோம வேந்தனின் முகம் வடித்த சுடுமண் தலை ஒன்று புதைந்தே கிடக்கிறது. அதனை மிதித்து நுழைபவளே அவ்வீட்டுக்கு உரியவள்.

உரோமில் மணமகன் மணமகளைத் தூக்கிக்கொண்டு இல்லம் புகுவான் என்று நான் சொன்னதை நம்பி, நாணல்போல் மெலிந்த மாப்பிள்ளை வயேகி, துருத்தி இயக்கித் தோள் உரமேறிய என் அக்காள் தக்கிதேயைத் தூக்கித் தள்ளாடியவாறே எம் வீட்டுப் படியைத் தாண்டிவிட்டான். முழவு நின்றது.

"கால் படலையே," என்றாள் அம்மா. "மிதிக்காதவளுக்கு வீடும் இல்ல, புருஷனும் இல்ல. மிதிச்சு வரட்டும், இல்லாட்டி கல்யாணமே வேணாம்."

குளியல்மனையைக் காக்கும் வயேகியின் தந்தை முகம் சிவந்தார். "என் ஆளுங்க அத்தனை பேரையும் உரோம முறையைப் பாக்கக் கூப்பிட்டிருக்கேன், சம்பந்தி. தூக்கித்தான் வரணும். நடந்து வந்தா நாங்க கிளம்புறோம்."

வயேகி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"தூக்கணும், அவ்வளவுதானே மாமா? மிதிக்கணும், அவ்வளவுதானே அம்மா?" என்ற தக்கிதே, வயேகியின் கையைப் பற்றிப் பக்கவாயில் வழியே வெளியேறி, முன்வாயிலில் அவனை அலேக்காகத் தூக்கினாள்.

"ஏய், மெதுவா. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். கரிக்கூடை உன்னைவிடக் கனம்."

படி அதிர மிதித்தாள்.

"அந்த மிதியில வேந்தனுக்கு மண்டை வலிச்சிருக்கும்," என்று அம்மா சிரித்துவிட, மாமாவும் முதலில் மீசைக்குள்ளும் பிறகு வாய்விட்டும் சிரிக்க, முழவு மீண்டும் எழுந்தது.

அயலார் வழக்கம் எம் வாயிலுக்குள் எம் கால்களாலேயே நடந்து வரும்போலும். இதனையும் பாதியே விளங்கிக்கொண்டேனோ, அறியேன். அடுத்த தெருப் பெண்கள் இருவர், தூக்கும் முறையை அக்காளிடம் இப்போதே கேட்டுச் சென்றனர்.

நாளை மாலை: மெரோவேயில் மணமகளே தூக்குவாள் என்று ஆசிரியரிடம் இலத்தீனில் சொல்ல வேண்டும்.