உள்பக்கமும் அடித்த அலமாரி

விற்கிற சாமானுக்கு உள்பக்கம் பெயின்ட் அடிக்கக் கூடாது. இது என் தொழிலில் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். பழைய அலமாரி வாங்க வருகிறவர்கள் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார்கள், டிராயரை ஒரு தடவை இழுத்து மூடுவார்கள், அவ்வளவுதான். அடித்தட்டுக்குக் கீழே எவனும் தலையை விட்டுப் பார்ப்பதில்லை. உள்ளே துடைத்து லேசாக வார்னிஷ் காட்டினால் போதும். சுவரோடு ஒட்டி நிற்கப்போகும் முதுகுக்குப் பெயின்ட் அடிக்கிறவள் பைத்தியக்காரி. நான் பைத்தியக்காரி இல்லை என்றுதான் இந்த வருஷம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இருப்பது தம்பி வீட்டில். கட்டினவர் போய்ச் சேர்ந்த பிறகு, "நம்ம வீடு இருக்கும்போது நீ எதுக்குக்கா தனியா கஷ்டப்படணும்?" என்று தம்பிதான் வந்து கூட்டிக்கொண்டு போனான். நல்லவன்தான். ஆனால் எதையும் பூசி மெழுகித்தான் பேசுவான். நம்ம வீடு என்றானே தவிர, அதில் எனக்கு எந்த இடம் என்று அவன் சொல்லவில்லை. அவனுக்கும் பெண்டாட்டிக்கும் ஓர் அறை, பிள்ளைகள் இருவருக்கும் ஓர் அறை, எனக்கு ஹால். டிவி ஓய்ந்தால்தான் என் மெத்தையை விரிக்கலாம். துணி மாற்ற வேண்டுமென்றால் குளியலறை காலியாக வேண்டும். தலைவலி என்று பகலில் கொஞ்சம் சாய்ந்தால், பிள்ளைகளைத் தேடி வருகிற சிநேகிதர்கள் என்னைத் தாண்டிக்கொண்டு போவார்கள். அதில் ஒருவன் ஒருநாள் என்னைப் பார்த்து, "ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். உடம்புக்கு ஒன்றுமில்லை தம்பி, படுக்க இடம்தான் இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

மாளிகை வேண்டாம் எனக்கு. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு கதவு வேண்டும். அதைத்தான் ஆறு வருஷமாக வாய்விட்டுக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கார் ஷெட்டில் கார் கிடையாது. என் தொழில்தான் அங்கே நடந்தது. வீடு காலி செய்கிறவர்கள் தள்ளிவிடுகிற மேசை, நாற்காலி, கட்டில் எல்லாம் வாங்கிவந்து, தேய்த்து, ஓட்டையில் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்து விற்பேன். தம்பி பெண்டாட்டிக்கு அந்தத் தூசியும் வாசனையும் பிடிக்காது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஷெட் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவாள். ஆனால் சாமான் விற்கிற நாளில் மட்டும் மூக்கு தானாகத் திறந்துகொள்ளும்.

பக்கத்துச் சந்தில் தனி வாசல் வைத்த ஒரு சின்ன அறை, வீட்டில் வேண்டாத சாமானெல்லாம் போட்டு அடைந்து கிடந்தது. ஒருநாள் காலையில் அவளே வந்து சொன்னாள்.

"அக்கா, அந்த ரூமை ஒழிச்சு நல்லா பண்ணிடலாம்னு இருக்கோம். கட்டில், அலமாரி, மேசை எல்லாம் நீங்களே பாத்து வாங்குங்க. உங்களுக்குப் பிடிச்ச கலரே அடிங்க."

பக்கத்தில் நின்ற தம்பியும் தலையாட்டினான். "உனக்கும் சௌகரியமா இருக்கும்க்கா."

இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன சொல்ல வேண்டும்? நான் அன்றைக்கே கிளம்பிவிட்டேன். கட்டிலும் மேசையும் சீக்கிரம் கிடைத்துவிட்டன. அலமாரிக்குத்தான் அலைந்தேன். கடைசியில் ஒரு பழைய வீட்டு மாடியில் கிடைத்தது. நல்ல கனமான மரம். மேலே பழுப்பு, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே என்னவோ அழுக்கு மஞ்சள். எவன் எவன் ஆசைக்கெல்லாமோ ஈடுகொடுத்த அலமாரி. கீல் துருப்பிடித்திருந்தது, ஒரு கால் உளுத்திருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். முதலில் முரட்டுத்தாள், அப்புறம் நைஸ் தாள். விரல் நுனியில் தோல் போய்விட்டது. விற்கிற சாமானுக்கு இந்தப் பாடு பட்டிருந்தால் என்றைக்கோ ஓட்டாண்டியாகியிருப்பேன்.

இளம்பச்சை எனக்குப் பிடிக்கும். கடையில் இருக்கிற பச்சை எதுவும் சரியாக இல்லையென்று, வெள்ளையில் பச்சையும் துளி மஞ்சளும் விட்டு நானே கலந்தேன். வெளிப்பக்கம் மூன்று கோட்டிங். பிறகு உள்பக்கம். தட்டுகளுக்கு மேலேயும் கீழேயும். டிராயரின் அடிப்பாகம். முதுகு. ராத்திரி படுக்கப்போகும்முன் நான் மட்டும் திறந்து பார்க்கப்போகிற அலமாரி, எனக்கு எதற்குச் சட்டம்?

அலமாரிக்குள் தலையை விட்டு அடித்துக்கொண்டிருந்தபோது தம்பி பெண்டாட்டி டீ கொண்டுவந்தாள். ஷெட்டுக்குள் எனக்கு டீ வந்தது அதுதான் முதல் தடவை. மூக்கைக்கூடப் பொத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"உள்ளேயும் அடிக்கிறீங்களாக்கா?"

"ஆமாம்மா," என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு.

"அடிங்க அடிங்க. நல்லாத்தான் இருக்கு."

அன்றைக்கு அவளைப் பற்றி இத்தனை நாள் மனதுக்குள் பேசினதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன். வெட்கம்கெட்ட மனசு, ஒரு டம்ளர் டீக்கு விழுந்துவிட்டது.

மூன்று சாமானையும் அறையில் கொண்டுபோய்ப் போட்டாயிற்று. அன்றைக்கே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. தொட்டால் ஒட்டவில்லை என்பதாலேயே பெயின்ட் இறுகிவிட்டதாக அர்த்தமில்லை. அவசரப்பட்டுத் துணியை அடுக்கினால் தட்டில் ஒட்டிக்கொள்ளும், மெத்தையைப் போட்டால் கட்டில் சட்டத்தில் தடம் விழும். இரண்டு வாரமாவது கதவைத் திறந்துவைத்து ஆறப்போட வேண்டும். வாங்குகிறவர்களிடம் நூறு தடவை சொல்லுவேன், ஒருவரும் கேட்கமாட்டார்கள். நானாவது கேட்போம் என்று ஹாலிலேயே படுத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷம் பொறுத்தவளுக்கு இரண்டு வாரம் ஒரு பொருட்டா?

அந்த இரண்டு வாரம் முடிவதற்குள்தான் அது நடந்தது. அலமாரிக் கதவில் கைப்பிடி பொருத்திக்கொண்டிருந்தேன். தம்பி பெண்டாட்டி ஒரு பெண்ணோடு உள்ளே வந்தாள். தோளில் பை, கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை.

"இதுதாங்க ரூம். தனி வாசல், காத்து வரும். கட்டில், மேசை, அலமாரி எல்லாம் வாடகையிலேயே சேர்த்துதான். இப்போதான் பெயின்ட் அடிச்சது."

ஸ்க்ரூடிரைவர் என் கையிலேயே நின்றது. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இவங்க?"

"எங்க வீட்டுக்காரரோட அக்கா. இந்த வேலையெல்லாம் இவங்கதான்."

அந்தப் பெண் அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தாள். "அட, உள்ளேகூட அடிச்சிருக்கீங்களே. ரொம்ப அழகா இருக்கும்மா." பிறகு தம்பி பெண்டாட்டி பக்கம் திரும்பினாள். "ரூம் பிடிச்சிருக்கு. ஆனா எனக்குப் பெயின்ட் வாசனை ஒத்துக்காது. கட்டில் அலமாரியெல்லாம் என்கிட்டயே இருக்கு. இதையெல்லாம் எடுத்துட்டீங்கன்னா நாளைக்கே வந்துடறேன்."

"அதுக்கென்ன, எடுத்துடலாம்," என்றாள் இவள், கண்ணை இமைக்காமல்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. அவளாவது உள்ளே திறந்து பார்த்தாள். அவள் போன பிறகு கேட்டேன்.

"ஏம்மா, இந்த ரூம் எனக்குன்னுதானே சொன்னீங்க?"

"நான் எப்போக்கா அப்படிச் சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு வார்த்தை, ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த கலர் என்றாள், அறை எனக்கு என்று சொல்லவில்லை.

"நான் அப்படி நினைச்சுக்கிட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"நீங்க உள்ளே அடிக்கறப்பவே தெரிஞ்சுபோச்சுக்கா. விக்கற சாமானுக்கு நீங்க அப்படி அடிக்கமாட்டீங்களே. பாதியில சொன்னா மனசு கஷ்டப்படும்னுதான் முடியட்டும்னு இருந்தேன்."

மனசு கஷ்டப்படுமாம். கடைசிக் கோட்டிங் காயும்வரைக்கும் என் மனசை அவள் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாளாம். ஸ்டூலில் உட்கார்ந்து, என்னை அளவெடுத்து, அடிங்க அடிங்க என்று சொன்ன வாய்.

சாயங்காலம் தம்பி வந்தான். தலையைக் குனிந்துகொண்டே, "வாடகை வந்தா உனக்கும் இந்த வயசுல தூசி தின்ன வேண்டாமேக்கா, அதைத்தான் சௌகரியம்னு சொன்னேன்," என்றான். கட்டிலைக் கழற்றி ஷெட்டுக்குத் தூக்க ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னேன். பிடித்தான். மேசை போயிற்று. அலமாரியைச் சந்து வாசலில் திருப்பும்போது முதுகுப்பக்கம் சுவரில் உரசி ஒரு பட்டை பெயின்ட் உரிந்தது.

"பின்பக்கம்தானே, தெரியாதுக்கா," என்றான்.

ஷெட்டில் டப்பாக்களைச் சுவரோரம் ஒதுக்கினேன். கட்டிலைத் திரும்பப் பொருத்தினேன். ஹாலுக்குப் போய் என் மெத்தையைச் சுருட்டி எடுத்துவந்து அதன் மேல் போட்டேன். இறுகினால் என்ன, இறுகாவிட்டால் என்ன? பெட்டியையும் கொண்டுவந்து வைத்தேன். தம்பிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

"என்னக்கா இது? அக்காவை ஷெட்ல படுக்கவெச்சிருக்கான்னு நாலு பேர் என்னைப் பேசமாட்டாங்களா?"

சத்தம் கேட்டு அவளும் வந்து ஷெட் வாசலில் நின்றாள்.

"நாலு பேர் கேட்டா நானே விரும்பித்தான் படுத்திருக்கேன்னு சொல்றேன்," என்றேன். அவன் முகத்தில் அறைகிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "சும்மா ஒண்ணும் வேண்டாம்டா. இந்த ஷெட்டுக்கு மாசம் என்ன வாடகைன்னு சொல்லு, குடுத்துடறேன்."

என்னக்கா இப்படிப் பேசறே என்று பதறுவான், கையைப் பிடித்துக்கொள்வான் என்றுதான் சொன்னேன். தம்பி திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் ஷெட்டின் கூரையையும் நாலு சுவரையும் நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, யோசிக்க ஆரம்பித்தாள்.