சமையலறை வழியாகப் போன பாதை

"இந்தா, இந்தப் பிரிட்ஜ் நிக்கிற எடத்துலதாங்க பாத வளஞ்சு கீழ எறங்கும்," என்றாள் ராக்காயி. சொன்னதோடு நிற்காமல் போய் அதன் தலையில் கையையும் வைத்துக்கொண்டாள்.

பாதைத் தகராறை விசாரிக்க வந்த கிராம சேவகர் சப்பாத்தைப் பின்வாசலில் கழற்றிவிட்டு, பரிமளத்தின் புதுச் சமையலறை நடுவே காலுறையோடு நின்றிருந்தார். தரை குளிர்ந்திருக்க வேண்டும். காலை மாற்றி மாற்றி வைத்தார். அவருக்குத் தமிழ் பாதி விளங்கும். மீதியை எல்லோருடைய முகத்திலிருந்தும் எடுத்துக்கொள்வார்.

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்று தட்டுத்தடுமாறிக் கேட்டார்.

"சொல்லாம? ஆஸ்பத்திரிக்குப் போக எறங்கி வந்தேங்க சேர். இங்க ஒரு கொய்யா மரம் நின்னுச்சு. அதுக்கடியில வலி தாங்காம ஒக்காந்தவதான். எம் மக நிலக்ஷி அங்கனயே பொறந்துட்டா."

எல்லோரும் ஒரு கணம் பிரிட்ஜைப் பார்த்தார்கள்.

"கொழப்பாத தங்கச்சி," என்றார் அவளுடைய அண்ணன் பொன்னையா. "பாத அந்தப் பக்கம். மொதலாளி வீட்டு சோபா கெடக்குல்ல, அதுக்கு நேர் கீழ. கிரிக்கெட் உலகக் கிண்ணம் ஜெயிச்ச வருசம் நம்ம லயத்துக்கு மொத டிவிய நாந்தான தலையில தூக்கிட்டு வந்தேன்? அங்கதான் வழுக்கி விழுந்தேன். டிவிய மட்டும் விடல."

"நீ விழுந்த எடம் ஒனக்குத் தெரியும். நான் பெத்த எடம் எனக்குத் தெரியாதா?"

கிராம சேவகர் சிரித்துவிட்டார். பரிமளத்துக்கும் சிரிப்பு வந்தது. கணவர் பார்ப்பாரே என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சண்முகராஜா சிரிக்கவில்லை. அண்ணனுக்கும் தங்கச்சிக்குமே பாதை எங்கே என்று தெரியவில்லை, இல்லாத பாதைக்கு நான் எங்கே போய் வழிவிடுவது என்று சிங்களத்தில் கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. மேலிடத்துக்கு எழுதிப் போடுகிறேன், அதுவரைக்கும் யாரும் சண்டை பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிராம சேவகர் சப்பாத்தை மாட்டிக்கொண்டார்.

கொட்டகலை பசாரில் சண்முகராஜாவுக்கு ஹாட்வெயார் கடை. இருபது வருடத்துக்கு மேல் கடைக்கு மேல்மாடியில்தான் குடியிருந்தார்கள். மகன் வெளிநாடு போன பிறகு, பிரதான வீதிக்கும் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கும் நடுவில் இந்தக் காணித்துண்டை வாங்கி வீடு கட்டினார். ஒரு பக்கம் வெட்டிய மலை, மறுபக்கம் ஓடை. இரண்டுக்கும் இடையில் இருந்த கொஞ்ச இடத்தை வீடு அடைத்துக்கொண்டது. கட்டுகிற காலத்தில் லயத்து ஆட்கள் நின்று யோசிக்கக்கூட இல்லை. பின்வாசலுக்கு விட்ட ஓட்டை வழியே நுழைந்து, முன்வாசலுக்கு விட்ட ஓட்டை வழியே இறங்கிப் போனார்கள். ஹோலுக்கு சீமெந்து பூசிய அன்று மாலையும் யாரோ நாலு பேர் அப்படியே நடந்துவிட்டார்கள். அன்றைக்கு வந்த கோபத்தில்தான் சண்முகராஜா சுவரிலிருந்து மலை வரைக்கும், சுவரிலிருந்து ஓடை வரைக்கும் தகரம் அடித்தார். வீதிக்குப் போக வேண்டியவர்கள் இப்போது லொறி ரோட்டால் சுற்றிப் போகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்னும் இருட்டிலேயே எழும்ப வேண்டியிருந்தது.

பரிமளத்திடம் தகரத்தைப் பற்றி ஒரு கருத்தும் கேட்கப்படவில்லை. ஆனால் வீடு அவளைத் தின்றது. பசாரில் இருந்தபோது ஜன்னலைத் திறந்தால் பஸ் கொண்டக்டரின் கத்தல், மீன்காரரின் மணி, படியேறி வந்து கொஞ்சம் தண்ணீர் கேட்கிற யாராவது. இங்கே கணவர் கடைக்குப் போய்விட்டால் குக்கரின் விசில்தான் பேச்சுத்துணை. விசாரணைக்கு என்று அத்தனை பேர் அடுப்படியில் வந்து நின்று சண்டை போட்ட காலைதான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்குக் கிடைத்த நல்ல காலை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த வாரம் மழை பிடித்தது. விடாமல் அடித்து, லொறி ரோட்டில் மண்மேடு சரிந்து விழுந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை, ஆனால் இடுப்பளவு சேறு. அன்று மாலை ராக்காயி பின்பக்கத்துச் சின்ன கேட்டில் வந்து நின்றாள். தலையில் ரப்பர் சீட்டு, கையில் பத்திரமாக ஒரு குங்குமச் சிமிழ்.

"நாளைக்கு நிலக்ஷிக்குக் கல்யாணங்க. கல்யாண ஹோல் கொட்டகலையில. அழைக்கத்தான் வந்தேன்."

பரிமளம் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். "ரோட்டுலதான் மண்ணு சரிஞ்சு கெடக்காமே. பொண்ண எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?"

"அதத்தான் யோசிக்கிறோம். எங்கண்ணன் தோள்ல தூக்கிட்டுப் போறேங்குறாரு. டிவிய தூக்குனவருதான." ராக்காயி சிரித்தாள். ஆனால் கண் தகரத்தைத் தொட்டுவிட்டு வந்தது. அவள் கேட்கப் போவதில்லை என்று பரிமளத்துக்குப் புரிந்தது. கேட்டு, மாட்டேன் என்ற பதிலோடு மகளின் கல்யாண வீட்டுக்குத் திரும்ப அவளுக்கு விருப்பமில்லை.

"காலையில இந்தப் பக்கமா வாங்க," என்றாள் பரிமளம். தன் வாயா சொன்னது என்று அவளுக்கே இருந்தது. "பின்கதவு தெறந்திருக்கும்."

"மொதலாளி?"

"அவர நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொள்ளவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது சொல்லலாம் என்று நினைத்தாள். அவர் மழையில் நனைந்து கெட்டுப்போன சீமெந்து மூட்டைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். காலையில் தேநீர் கொடுக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். கோப்பையை அவர் கையில் கொடுத்தபோதே பின்பக்கம் தப்பு மேளச் சத்தம் கேட்டுவிட்டது.

முதலில் தப்பு அடிக்கிறவர்கள் இரண்டு பேர், அடுப்படிக்குள் வந்ததும் மரியாதைக்காகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு. அடுத்து, தாய்மாமன் பொன்னையா, தலைப்பாகையோடு. அவருக்குப் பின்னால் பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிலக்ஷி. பிறகு தட்டுகளும் குடைகளுமாகப் பெண்கள். செருப்பை எல்லோரும் கையில் வைத்திருந்தார்கள். மல்லிகையும் ஈரக் கம்பளியும் கலந்த வாசம் வீடு முழுக்க நிறைந்தது. ஹோலில் சண்முகராஜா சாரமும் பனியனுமாகக் கோப்பையோடு எழுந்து நின்றார்.

"நில்லுங்க!" என்றார்.

தப்பு நின்றது. நிலக்ஷியின் கையிலிருந்து சேலை மடிப்பு நழுவித் தரையைத் தொட்டது. இந்தப் பிள்ளையை இவர் திருப்பி அனுப்பினால் தானும் அவர்களோடேயே போய்விடுவது என்று அந்த நொடியில் பரிமளம் முடிவெடுத்தாள்.

"அந்த முன்கதவு தெறக்காது," என்றார் சண்முகராஜா. "மழைக்கு உப்பிப்போய்க் கெடக்கு. குடிபுகுந்த நாளோட சரி, நாங்க பக்கத்துக் கதவாலதான் போறோம். அதால ஒரு ஆளுதான் நுழையலாம், தட்டோட முடியாது." கோப்பையை டீப்போவில் வைத்தார். வைத்துவிட்டு, மணப்பெண்ணின் சேலை மாட்டிக்கொள்ளும் என்று டீப்போவையே சுவரோரம் இழுத்துவிட்டார். "பொன்னையா, இந்தப் பக்கம் கைய குடுங்க."

இரண்டு பேரும் பூட்டைத் திறந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்கள். கதவு முனகியது, வரவில்லை. தப்புக்காரர் ஒருவர் தப்பைக் கீழே வைத்துவிட்டு வந்து சேர்ந்தார். மூன்று பேருமாக இழுத்ததில் அது படாரென்று திறந்து, பொன்னையா பின்னால் சரிந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கே சொன்னேன்ல மொதலாளி," என்றார் உட்கார்ந்தபடியே, மூச்சு வாங்க. "நான் விழுந்த எடம் இதான்."

முதலில் சிரித்தது நிலக்ஷி. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. சண்முகராஜா பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்போடே தப்பு மறுபடி எழும்பியது; இந்தமுறை குறைக்கவில்லை.

ஊர்வலம் இறங்கி வீதிக்குப் போன பிறகு அவர் மனைவியைப் பார்த்தார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேணாம்னிருப்பீங்க."

அவர் யோசித்தார். "ஆமா," என்றார். பிறகு, "என் வெள்ளச் சட்ட எங்க? முகூர்த்தத்துக்கு நேரமாச்சு," என்றார்.

கல்யாணம் முடிந்த வாரத்தில் அவர் ஓடைப் பக்கத்துத் தகரத்தில் ஒரு ஆள் அகலத்துக்குக் கழற்றிவிடுவதாகச் சொல்லி, சுத்தியலோடு பொன்னையாவைக் கூப்பிட்டார். வேலை தொடங்கவில்லை. மலைப் பக்கமாக விட்டால்தான் மழைக்கு வழுக்காது என்று பொன்னையா சொன்னார். ஓடைப் பக்கம்தான் உண்மையான பாதை என்று ராக்காயி சொன்னாள். மலைப் பக்கம் என் கறிவேப்பிலை நிற்கிறது என்றார் சண்முகராஜா. மூவரும் வெளியே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருக்க, வீதிக்கு அப்பால் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிறதே என்று லயத்துப் பெண்கள் சிலர் அடுப்படி வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். கால் கழுவ ஒரு வாளித் தண்ணீரை அங்கே வைத்துவிட்டு, பரிமளம் பெரிய கேத்தலை அடுப்பில் ஏற்றினாள். பின்கதவும் முன்கதவும் விரியத் திறந்து கிடந்தன. மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் அடுப்படிக்குள் நுழைந்து, பெண்களின் தோளை உரசிக்கொண்டு ஹோலைக் கடந்து, முன்வாசல் படியால் வீதிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.