ராசிக்கு வந்த பிள்ளை

"கைய எடுடி!"

உண்ணாமலை போட்ட சத்தத்தில் அடுப்படியில் சுருண்டிருந்த பூனை வெளியே பாய்ந்தது. எழில் கையை எடுக்கவில்லை. பவளத்தின் ஆறு மாத வயிற்றில் ஒரு கையும் காதும் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, உள்ளே தம்பி என்ன செய்கிறான் என்று கேட்பதிலேயே குறியாக இருந்தாள். உண்ணாமலை விடுவிடுவென்று வந்து அவள் தோளைப் பற்றி இழுத்தாள். இழுத்த வேகத்தில் எழில் கதவு நிலையில் போய் மோதிக்கொண்டாள்.

"எத்தினி தபா சொல்றது? ஊரு பேரு தெரியாத கை, அங்க படக்கூடாது. கண்ணு பட்டாலே ஆவாது, இவ காத வேற வெக்கிறா!"

"தம்பி உதைக்கிறான் ஆயா. நீயும் வந்து கேளேன்."

"தம்பியா? யாருக்கு யாருடி தம்பி?"

பவளம் படுத்த இடத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். எழிலின் நெற்றி சிவந்து புடைத்துக்கொண்டு வந்தது. 'கொயந்த அத்தே, வுடுங்க' என்ற பேச்சு அவள் வாய் வரைக்கும் வந்தது. மாமியார் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிவிட்டாள். விழுங்காமல் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

இதே கையைப் பிடித்து முத்தம் கொடுத்தவள்தான் உண்ணாமலை. அது ஒன்றும் போன ஜென்மத்துச் சங்கதி இல்லை.

பவளத்துக்கும் வசந்த்குமாருக்கும் கல்யாணமாகி வருஷக்கணக்கில் பிள்ளை இல்லை. செங்கல்பட்டு டாக்டர், காஞ்சிபுரம் டாக்டர், மரத்தில் கட்டிய தொட்டில், எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவர்கள் இருந்த பெருநகர் ஊர்ப்பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. பிள்ளையில்லாதவள் இன்னொருத்தி பிள்ளையைக் கொண்டுவந்து வளர்த்தால், அதன் ராசியில் இவள் வயிற்றிலும் ஒன்று தங்கும். முன்பெல்லாம் தங்கச்சி பிள்ளையையோ ஓர்ப்படி பிள்ளையையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். காரியம் ஆனதும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போது வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று ஆகிவிட்ட பிறகு யார் கொடுப்பார்கள்? சர்க்காரில் எழுதிக் கொடுத்தால் வளர்க்கப் பிள்ளை தருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகள் காப்பகத்திலேயே கிடக்காமல் ஒரு குடும்பத்தில் வளரட்டும் என்று ஏற்பட்ட திட்டம் அது. நல்ல திட்டம்தான். அதையும் தொட்டில் கட்டும் மரமாக்கிக்கொள்ள நம் ஜனங்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

விசாரிக்க வந்தவள் ஷப்ரீன். உத்திரமேரூர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். படித்துவிட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸில் வேலையாக இருந்தாள். வெயிலென்று பார்க்காமல் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போவாள்.

"எதுக்காக ஒரு குழந்தைய வளக்கணும்னு நெனைக்கிறீங்க?" என்று அவள் கேட்டாள்.

"வூடு இல்லாத ஒரு கொயந்தைக்கு வூடு குடுக்கணும் மேடம்" என்றாள் பவளம். சொல்லும்போது கண்ணில் தண்ணீர்கூட வந்தது. முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது, பாதி உண்மை. மறுபாதியை ஷப்ரீன் கேட்கவுமில்லை, பவளம் சொல்லவுமில்லை.

எழில் வந்தபோது அவளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. வந்த புதிதில் பவளத்தை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டாள். தட்டில் போட்ட சோற்றில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பாயடியில் ஒளித்து வைப்பாள். எறும்பு மொய்த்த பிறகுதான் பவளத்துக்கே தெரியும். தெருப் பெண்கள் முறை வைத்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு ராசிக்காரி என்று பேரே வைத்துவிட்டார்கள். யார் வீட்டில் புது வண்டி வாங்கினாலும் முதலில் அவளைத்தான் ஏற்றி ஒரு சுற்று சுற்றினார்கள். நாற்றங்காலில் முதல் பிடி விதையை அவள் கையால் தூவச் சொன்னார்கள். எந்த ஊர், என்ன சாதி என்று ஒருவர் வாய்கூடக் கேட்கவில்லை. உண்ணாமலை ராத்திரியானால் பாயை விரித்து, "இந்தாண்ட வா கண்ணு. அம்மா வயித்தக் கட்டிக்கினு படு" என்று அவளைப் பவளத்தோடு ஒட்டிப் படுக்க வைப்பாள்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த எழில், விழுந்த முன்பல்லைக் கையில் பொத்திக்கொண்டு, "எம்மா! எம்மா!" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தாள். சட்னி அரைத்துக்கொண்டிருந்த பவளம் மிக்ஸியை நிறுத்திவிட்டு நின்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவள் ராசியைப் பற்றி நினைக்கவே இல்லை. அன்றைக்கு அவள் அம்மாதான்.

அடுத்த கார்த்திகையில் பவளத்துக்கு நாள் தள்ளிப்போயிற்று.

மூன்று மாதம் தாண்டி, கரு தங்கிவிட்டது என்று நிச்சயமானதும் தெருவுக்கு வேறு வாய் முளைத்தது. "ஆமா, அந்தப் பொண்ணு எந்த சனம்?" என்று முதலில் ஒருத்தி கேட்டாள். பிறகு எல்லோரும் கேட்டார்கள். ராசிக்குச் சாதி பார்க்காதவர்கள் சோற்றுத் தட்டுக்குப் பார்த்தார்கள். எழிலுக்குத் தனியாக ஒரு டம்ளர் வந்து சேர்ந்தது. அதை வாங்கி வந்தது உண்ணாமலை. எடுத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தது பவளத்தின் கை.

அந்த நேரம் பார்த்து ஷப்ரீன் நல்ல சேதி என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். "ரெண்டு வருஷம் முடியப்போகுது. நீங்க விரும்பினா தத்தெடுக்க எழுதிக் குடுக்கலாம். எழில் சட்டப்படியே உங்க பொண்ணாயிடுவா."

அவள் ஸ்கூட்டி தெருவைத் தாண்டியிருக்காது, உண்ணாமலை ஆரம்பித்துவிட்டாள்.

"தத்து எடுத்துட்டா அதுதானடி இந்த வூட்டுக்கு மூத்தது? நாளைக்கி நான் கண்ண மூடனா மொதல் நெய்ப்பந்தம் புடிக்கிறது யாரு? பேத்தின்னு சொல்லிக்கினு அது வந்து என் தலமாட்டுல நிக்குமா? ஊரு காறித் துப்பாது? வளகாப்புக்கு முன்ன கொண்டுபோய் வுட்டுட்டு வந்துடுங்க."

வசந்த்குமார் ஒரகடம் கம்பெனிக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். பவளம் அவனைப் பார்த்தாள்.

"உனக்கு எது தோணுதோ செய்யி" என்றான் அவன். கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கும். பாரத்தை மொத்தமாகப் பெண்சாதி தலையில் ஏற்றிவிட்டு, அவன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.

பவளத்துக்கு என்ன தோன்றியது? பயம்தான் தோன்றியது. இத்தனை வருஷம் கழித்து வந்தது. ஏதாவது ஆகிவிட்டால் எழில் கை பட்டதால்தான் என்பார்கள், அந்தக் கையை வீட்டில் விட்டுவைத்தவள் இவள்தான் என்பார்கள். இது வெளியே சொல்லக்கூடிய காரணம். சொல்ல முடியாத ஒன்றும் இருந்தது. வேகவைத்த முட்டையை எழிலுக்கு உரித்துக் கொடுக்கும்போது, இது உள்ளே இருக்கிற பிள்ளைக்குப் போக வேண்டியதாயிற்றே என்று அவள் மனசு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. அதை அவளே கவனித்தாள். கவனித்து வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டும் நிறுத்த முடியவில்லை.

காஞ்சிபுரத்தில் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய் நின்ற அன்று எழில் பொங்கலுக்கு எடுத்த கவுனைப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் முழுக்க ஒரே கேள்வி. "இன்னிக்கி நம்ப பேரு சேக்கப் போறாங்களாம்மா?"

பவளம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் வயதான அம்மாள் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "நல்லாத்தான வளத்துக்கிட்டு இருந்தீங்க? இப்ப ஏன் வேணாங்கறீங்க?"

எனக்குச் சொந்தப் பிள்ளை வருகிறது, இனி இவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கேவலமாக இருந்தாலும் அதுதான் நிஜம். அந்தக் கேவலத்தை ஏற்றுக்கொள்ள பவளத்துக்குத் துணிச்சல் இல்லை.

"வயித்துல கைய வெச்சித் தள்றா மேடம். எனக்கு பயமா கீது."

தள்ளுகிறாள் என்ற வார்த்தை எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. வந்து விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஷப்ரீன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மாள் எழிலைக் கிட்டே கூப்பிட்டார்.

"அம்மா வயித்தத் தள்ளுனியா கண்ணு?"

எழில் திரும்பிப் பவளத்தைப் பார்த்தாள். பவளம் தரையைப் பார்த்தாள். அம்மா சொன்னது பொய்யாகப் போய்விடக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித்தான் தோன்றியதோ!

"ஆமா மிஸ்" என்றாள். "இனிமே கைய வெக்க மாட்டேன். தூரமாவே ஒக்காந்துக்கறேன்."

வளைகாப்பு ஜோராக நடந்தது. சொன்ன நாளில் ஆண் பிள்ளையும் பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "மொதல் குழந்தையா?" என்று சாதாரணமாகக் கேட்டதற்கு, பவளம் ஆமாம் என்று சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாள். பால் கொடுக்கும்போது பிள்ளை கையை நீட்டி அவள் வயிற்றைத் தடவும். அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். தான் பெற்றதைக் கொஞ்சுவதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று இருந்தது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால், பிள்ளை பெற்றவள் அப்படித்தான் பிதற்றுவாள், வேப்பிலை அடித்தால் சரியாகிவிடும் என்பார்கள்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகியிருந்தபோது பின்தெரு பாஞ்சாலி சோப்பு, பவுடர் டப்பாவோடு குழந்தை பார்க்க வந்தாள். சாலவாக்கத்தில் கட்டிக்கொடுத்த அவள் மகளுக்கும் நெடுநாளாகப் பிள்ளை இல்லை. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, உண்ணாமலை கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு, விஷயத்துக்கு வந்தாள்.

"எம் பொண்ணும் மருமவனும் எழுதிக் குடுத்துக்கீறாங்கடி பவளம். மேடம் வந்து விசாரிச்சிட்டுப் போச்சி. எழிலத்தான் வேணும்னு கேட்டோம். அப்பிடில்லாம் ஆளக் காட்டிக் கேக்கக் கூடாதாம். அதுமில்லாம அந்தப் பொண்ண இப்பத்திக்கி எந்த வூட்டுக்கும் அனுப்பறதா இல்லன்னு சொல்லிடுச்சி."

பவளம் கேட்டாள். "ஏன்?"

"என்னக் கேக்கறியே! வயித்தத் தள்ளுச்சின்னு நீதான சொல்லிட்டு வந்த. உன் மாமியாரு அத்த ஊரு பூரா சொல்லுச்சி. அடிக்கிற புள்ளைய எந்த வூட்ல வுடுவாங்க?" பாஞ்சாலி குரலைத் தணித்தாள். "அது பொய்னு எனக்குத் தெரியும்டி. தெருவுக்கே தெரியும். அது ஒரு எறும்பக் கூட நசுக்காது."

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை.

"நீ ஒரு வார்த்த மேடத்தாண்ட சொல்லிடு. பாவம், புள்ள ஹோம்ல கெடக்குது. எம் பொண்ணு வயித்தாண்ட ரெண்டு வருசம் படுத்துக்கினா, உனக்குக் குடுத்த ராசி அவளுக்கும் குடுக்காதா?" பாஞ்சாலி அதற்குள் செல்லில் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரையும் வைத்து, பவளத்தின் கையில் திணித்துவிட்டாள்.

மணி அடித்தது. பவளம் செல்லையே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் எழில் மேல் விழுந்த பழி போகும். பழி போனால் இவர்கள் அவளை வாங்கிக்கொண்டு போய் இன்னொரு வயிற்றோரம் படுக்க வைப்பார்கள், காரியம் ஆனதும் இன்னொரு முறை கவுன் போட்டுக் காஞ்சிபுரம் அழைத்துப் போவார்கள். பொய்யை அப்படியே விட்டால் அந்தப் பிள்ளை எந்த வீட்டையும் பார்க்காமலே வளரும்.

"ஹலோ, சொல்லுங்கம்மா" என்றாள் ஷப்ரீன்.

"மேடம், நான் பவளம் பேசறேன். எழில் என்னத் தள்ளல. தம்பி உதைக்கிறத காத வெச்சிக் கேட்டுக்கினு இருந்தா, அவ்ளோதான். அவள அனுப்பறதுக்கு நான் சொன்ன பொய் அது."

உண்ணாமலை அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். பாஞ்சாலி மட்டும், அப்படித்தான், அப்படித்தான் என்று தலையை ஆட்டினாள்.

"இன்னொன்னும் சொல்லணும் மேடம். வூடு குடுக்க நாங்க அவளக் கேக்கல. எங்களுக்குப் புள்ள தங்கணும்னு கேட்டோம், தங்குச்சி, அனுப்பிட்டோம். இப்ப இவங்களும் அதுக்குத்தான் கேக்கறாங்க. குடுத்துடாதீங்க."

பாஞ்சாலியின் முகம் சுண்டிப்போயிற்று. "அடிப்பாவி! நாங்க இன்னா உன்ன மாதிரியா?" என்று கத்தினாள். "நீ பெக்கறதுக்கு முன்னயே தொரத்திட்ட. நாங்க புள்ள பொறந்தப்புறமும் ஒரு வருசம் வெச்சிக்கினு இருந்துதான் அனுப்புவோம்! அவ்ளோ ஈரம் கீது எங்களுக்கு!"

செல்லிலிருந்து ஷப்ரீனின் குரல் வந்தது. "கேட்டுச்சும்மா."

பாஞ்சாலி பாய்ந்து செல்லைப் பிடுங்கப் பார்த்தாள். பவளம் தரவில்லை.

"பவளம், இத நீங்க நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும். குழு முன்னாடி சொல்லணும். உங்க மேல என்ன நடவடிக்க வரும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் வராதுன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

"வரட்டும் மேடம். நாளைக்கே வரேன்." பவளம் கொஞ்சம் தயங்கினாள். "எழில..."

"பாக்க முடியாதுங்க. மொதல்ல உங்களக் கேட்டுக்கிட்டே இருந்தா. இப்பல்லாம் கேக்கறதில்ல."

"நல்லது மேடம்" என்றாள் பவளம். அவள் செல்லைக் கீழே வைத்ததும் பாஞ்சாலி அதை எடுத்துக்கொண்டு, வாயில் வந்த சாபத்தையெல்லாம் தெரு முழுக்க இறைத்துக்கொண்டே போனாள்.

உண்ணாமலை தலையில் அடித்துக்கொண்டாள். "பச்ச ஒடம்புக்காரி, கைக்கொயந்தய தூக்கிக்கினு காஞ்சிபுரம் போவப் போறியா? அத்தினி பேரு முன்னால எந்த மூஞ்ச வெச்சிக்கினுடி பொய் சொன்னேன்னு சொல்லுவ?"

பவளம் பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கி பொய் சொல்றப்ப வெச்சிக்கினு போனேனே அத்தே, அதே மூஞ்சதான்."