யாருக்கும் கொடுக்காத கேள்வி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வுக் கருத்தரங்கிற்கு நான் போனது ஏசிக்காக. தேனியில் அன்று கரண்ட் இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. என் சிநேகிதன் ஈஸ்வரபாண்டி இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் துறைத்தலைவன். "சும்மா வாய்யா, ஜெனரேட்டர்ல ஏசி ஓடுது, கடைசி பெஞ்சுல தூங்கு, டீயும் வடையும் உண்டு" என்றான். போனேன். தூங்கவும் செய்தேன். முழித்தபோது மேடையில் ஒரு பெண் பேசி முடித்திருந்தாள். "கேள்விகள் உண்டா?" என்று கேட்டுவிட்டு, சபையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு மறுபடி வாசலையே பார்த்தாள். யாரும் வரவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான். மீதி முழுக்க நான் கட்டியது. பொய் என்று யாராவது சண்டைக்கு வந்தால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாடு:

மலையடிவாரத்தில் மேகங்கள் மெல்ல — வேண்டாம். மேகத்தில் ஆரம்பித்த கதையை நானே படிக்க மாட்டேன்.

வேல்விழி பேரழகி என்று சொல்ல முடியாவிட்டாலும் — சீ. அவள் காதில் விழுந்தால் செருப்பைக் கழற்றுவாள்.

சரி, நேராகவே. வேல்விழி ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரி. காற்றாலை ஓடும் சத்தத்தை மைக்கில் பிடித்து, உள்ளே பற்சக்கரம் பழுதாகப் போவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது அவள் ஆராய்ச்சி. இன்று அவளுக்குக் கடைசிக் கருத்தரங்கு. இது முடிந்தால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.* பேசி முடித்ததும் சபை ஊமையாக இருந்தால் பேசியவருக்கு அவமானம். கைடுக்கு அதைவிட அவமானம். அதனால் பேசுகிறவரே கேள்விகளைத் தயாரித்து, ஜூனியர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து வைப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் ஸ்லைடு கடைசியில் ஒளிந்திருக்கும். ஜூனியர் எழுந்து, அப்போதுதான் தோன்றியதுபோல் தலையைச் சொறிந்துகொண்டு கேட்பார். எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் எல்லாரும் மெச்சுவார்கள்.

(* ஈஸ்வரபாண்டி மறுக்கிறான். "எங்க டிபார்ட்மெண்ட்ல அப்படியெல்லாம் கெடையாதுய்யா" என்றான். சொல்லும்போது சிரித்தான்.)

3

சூரியபிரகாஷை நான் ரொம்ப நாள் நம்பவில்லை. முதலில் சென்னைக்காரனாக வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பிறகு கவிதை எழுதுகிறவனாக — அதையும் அடித்துவிட்டேன். இப்போது கூடலூர்க்காரன், அப்பா குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறார். இப்போதுதான் ஆள் மூச்சு விடுகிறான்.

வேல்விழியோடு ஒன்றாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன். அவனிடம் மட்டும் அவள் கேள்வி கொடுத்து வைத்ததில்லை. கொடுத்தாலும் கேட்க மாட்டான். பின்வரிசையில் இருந்து, தனக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றைக் கேட்பான். அவள் திணறுவாள். அன்றைக்கு முழுக்க அவனோடு பேச மாட்டாள். மறுநாள் இருவரும் காற்றாலைக்கு அடியில் மைக்கோடு உட்கார்ந்து பதில் தேடுவார்கள். அவள் ஆய்வேட்டில் உருப்படியான அத்தியாயம் எதுவென்று கேட்டால், அது அவன் கேட்ட ஏதோ ஒரு கேள்விக்கான பதில்தான்.

ஒரு நாள் காற்று ஓய்ந்துவிட்டது. காற்றாலை அசையாமல் நின்றது. "ஏ வேலு, இப்ப உன் மைக்கு என்னத்தக் கேட்டுக்கிட்டு இருக்கும்?" என்றான். அவளுக்குத் தெரியவில்லை. சிரித்து மழுப்பினாள்.

அப்புறம் கோட்டயத்தில் வேலை கிடைத்து, ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான். "உன் கடைசி செமினாருக்கு வருவேன். ஒரு கேள்வி கேப்பேன், முழி பிதுங்கும் பாரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அதன்பிறகு பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து, அவ்வளவுதான். போன வாரம் அவள் அறிவிப்பை அனுப்பினாள். அவன் கட்டைவிரல் படத்தை அனுப்பினான். கட்டைவிரல் என்றால் வருகிறேன் என்றா, பார்த்தேன் என்றா? அவள் அதைத் திறந்து திறந்து பார்த்தாள்.

(காதலா என்கிறீர்களா? அவர்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லாததை நான் முந்திக்கொண்டு சொல்வது மரியாதையில்லை. ஆனால் அவள் ஏங்கினாள். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?)

4

எல்லாக் கேள்விகளையும் பங்கு வைத்தவள், ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. காற்று ஓய்ந்த நாளின் கேள்வி. அவன் போன பிறகுதான் அதற்குப் பதில் கிடைத்திருந்தது. அதை அவன் கேட்க வேண்டும், சபை நடுவில் அவள் சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு ஸ்லைடு செய்து வைத்தாள்.

பேசி முடித்தாள். நதியா கேட்டாள், வினோத்ராஜ் கேட்டான். பதில் சொன்னாள். வாசலைப் பார்த்தாள். கொடுத்த கேள்விகள் தீர்ந்தன.

"வேற யாராச்சும்?" என்றான் ஈஸ்வரபாண்டி.

அப்போது கதவு திறந்தது. (ஆமாம், நான்தான் திறந்தேன். எழுதுகிறவனுக்கு இதுகூட முடியாவிட்டால் எதற்கு எழுதுவது?) தோளில் பையோடு, சட்டை வியர்வையில் நனைந்து சூரியபிரகாஷ் நின்றான். அவளைப் பார்த்தான். கையைத் தூக்கினான்.

அதற்குள் மதன்குமார் எழுந்துவிட்டான். நல்ல பையன், அதுதான் தொல்லையே. அவள் ஸ்லைடுகளை லேப்டாப்பில் ஓட்டியவன் அவன். கேள்வியையும் ஸ்லைடையும் ஒத்துப் பார்த்தபோது, தலைப்பில் கேள்வியோடு ஒரு ஸ்லைடு அநாதையாக நின்றது. அக்கா யாருக்கும் குடுக்க மறந்துட்டாக, பாவம், என்று நினைத்துக்கொண்டான்.

தலையைச் சொறிந்தான். "மேடம், காத்தடிக்காத நாள்ல காத்தாடி நிக்குமே, அப்ப மைக்கு என்னத்தக் கேக்கும்?"

பின்னால் தூக்கிய கை இறங்கியது.

அவள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னாள். "காத்தாடி ஓடாத நாள்ல ஊரோட சத்தம் மட்டும்தான் பதிவாகும். அத வச்சுத்தான், மத்த நாள்ல எது ஊரோடது, எது காத்தாடியோடதுன்னு பிரிக்கிறோம். அந்த நாள் இல்லன்னா இந்த ஆராய்ச்சியே இல்ல." மதன்குமார் முகத்தைப் பார்த்து அவளால் இதைச் சொல்ல முடியவில்லை. அவனைத் தாண்டிப் பார்த்துச் சொன்னாள்.

"அருமையான கேள்வி!" என்றான் ஈஸ்வரபாண்டி. "டீ ஆறுது, எந்திரிங்கப்பா."

5

வராந்தா. கையில் டீ.

"சின்னமனூர்ல டிராபிக். பஸ்ஸு நகரவே இல்ல" என்றான்.

"கேள்வி கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன். அந்தப் பய கேட்டுப்புட்டான்."

மதன்குமார் வடையோடு வந்தான். "அக்கா, நல்ல வேளை நான் பாத்தேன். இல்லன்னா அந்த ஸ்லைடு வீணாப் போயிருக்கும்ல?"

"ஆமாடா" என்றாள் வேல்விழி. "ரொம்ப தேங்க்ஸ்." அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டீயைக் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

6

முடிவு (அ): சூரியபிரகாஷ் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து — கிழித்துவிட்டேன். கதைக்குக் கதை பத்திரிகையை நீட்டி எத்தனை பேரைத்தான் சாகடிப்பது.

முடிவு (ஆ): இருவரும் பைக்கில் வைகை அணைக்கு — யாருடைய பைக்? அவன் பஸ்ஸில் அல்லவா வந்தான்.

முடிவு (இ): "குமுளி பஸ்ஸு வந்துரும், வரட்டா?" என்றான். அவன் போவதைப் பார்த்தபடி அவள் நின்று —

இந்த இடத்தில் அவள் எனக்கு அடங்கவில்லை. நிற்க மாட்டேன் என்றாள். டீயைக் கீழே வைத்தாள்.

"சூர்யா, எப்பவும் நீதான கேப்ப. இப்ப நான் ஒண்ணு கேக்குறேன்."

"கேளு."

"யோசிச்சு வச்ச பதிலச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

கேட்டாள். அவன் பையைத் தோளிலிருந்து இறக்கினான்.

என்ன கேட்டாள் என்று எழுதி எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் ஜூனியர் கையில் கொடுத்து வைத்த கேள்வி மாதிரியே இருந்தது. அதனால் உங்களுக்கு நான் எதுவும் கொடுக்கப் போவதில்லை. யாரோ ஒருவரிடம் கேட்கவேண்டும் என்று நீங்களும் ஒன்றை வைத்திருப்பீர்கள், இன்னும் கேட்டிருக்க மாட்டீர்கள். அவள் கேட்டது அதைத்தான். அவன் என்ன சொன்னான் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரிந்தாக வேண்டும்.