கேட்டல் பகுதி, நூறு வினாக்கள்

ஆங்கிலத் தேர்வு இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி கேட்டல்: நாற்பத்தைந்து நிமிடங்கள், நூறு வினாக்கள். இரண்டாம் பகுதி வாசித்தல்: எழுபத்தைந்து நிமிடங்கள், நூறு வினாக்கள். இரண்டிலும் சேர்த்து எழுநூற்று எண்பத்தைந்து மதிப்பெண் பெறாதவருக்குப் பொறியாளர் பட்டம் வழங்கப்படுவதில்லை. ஏனைய பாடங்கள் அனைத்திலும் தேறியிருந்தாலும் வழங்கப்படுவதில்லை. நான் ஏனைய பாடங்கள் அனைத்திலும் தேறியிருந்தேன்.

என் பெயர் கிஸ்லான் வோத்ரே. மியூஸ் ஆற்றங்கரையில் உள்ள ஓர் இரும்புப் பட்டறையில், லாரிகளுக்கான உறுப்புகளை அடித்து வடிக்கும் எந்திரச் சம்மட்டியின் முன் முப்பது ஆண்டுகளாக நிற்பவன். படிப்பை முப்பத்தாறாம் வயதில் மீண்டும் தொடங்கினேன். எட்டு ஆண்டுகள், சனிக்கிழமைதோறும் ரயிலேறி ரேம்ஸ் நகரம் சென்று, என்னைவிட இளையவர்களான ஆசிரியர்களிடம் உலோகவியலும் வெப்பவியலும் கணிதமும் பயின்றேன். ஆய்வேட்டை அளித்த நாளில் தேர்வுக் குழுவின் தலைவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். பட்டறையின் மேல்தளத்தில், திட்ட அலுவலகத்தில், ஒரு மேசை எனக்காக ஒதுக்கப்பட்டது. ஆயினும் ஆங்கில மதிப்பெண்ணை மூன்று ஆண்டுகளுக்குள் சமர்ப்பிக்க வேண்டும் என்பது விதி. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் தவறினேன். இவ்வாண்டு ஜூன் மாதத் தேர்வே எனக்கு எஞ்சியிருந்த கடைசி வாய்ப்பு.

என் மதிப்பெண்களில் ஒரு விந்தை இருந்தது. வாசித்தலில் ஒவ்வொரு முறையும் ஏறினேன்: நானூற்று நாற்பது, நானூற்று ஐம்பத்தைந்து, நானூற்று அறுபத்தைந்து. கேட்டலில் ஒவ்வொரு முறையும் இறங்கினேன்: இருநூற்று நாற்பது, இருநூற்று முப்பத்தைந்து, இருநூற்று இருபத்தைந்து. இதற்கு உழைப்புக் குறைவு காரணமன்று. காலைப் பணி முடிந்து, மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை, அடுக்களை மேசையில் அமர்ந்து நாள்தோறும் பயின்றேன். பயிற்சி நூலின் பின்னிணைப்பில் ஒலிப்பதிவின் உரையாடல்கள் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தன. முதலில் அவற்றை வாசிப்பேன். பின்னர் ஒலிப்பதிவை ஓடவிட்டால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். வீட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு விடைகள் சரியாக அமைந்தன. தேர்வுக் கூடத்தில் மட்டும் ஏன் அமையவில்லை என்பதற்கு, பதற்றம் என்ற ஒரே விளக்கத்தை வைத்திருந்தேன்.

மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி சில்வியான் நகர நூலகத்திலிருந்து வேறொரு ஒலிப்பதிவைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். என் நூலைக் காணவில்லை.

"தேடாத. துணி அலமாரில வச்சுப் பூட்டிட்டேன்," என்றாள்.

"எதுக்கு?"

"நீ காதால கேக்குறியா, கண்ணால கேக்குறியான்னு எனக்குத் தெரியணும்."

ஒரு வினா, மூன்று விடைகள். சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதுவே பயிற்சி. பத்து வினாக்கள் முடிந்ததும் அவள் விடைத்தாளை எடுத்துச் சரிபார்த்தாள்.

"ரெண்டு."

"பத்துக்கா?"

"கண்ண மூடிக்கிட்டுப் போட்டாலே மூணு வந்திருக்கும் கிஸ்லான். நீ படிச்சுப் படிச்சு ஒண்ணைக் கொறைச்சிருக்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆறாவது வினாவை மீண்டும் ஓடவிட்டாள். சில்வியான் பள்ளியில் விட்ட ஆங்கிலத்தை அதன்பின் தொட்டதில்லை. அவளுக்கு அதில் ஒரு வரியும் புரியாது.

"கடைசில ஒரு சீறல் வருது பாரு, பாம்பு சீறுற மாதிரி. அதுக்கு முன்னால பல்லு நடுவுல காத்து விடுற மாதிரி ஒண்ணு. என்னன்னு தெரியல, ஆனா வருது. கேக்குதா?"

"அப்படி ஒண்ணும் வரலையே."

மீண்டும் ஓடவிட்டாள்.

"இப்ப?"

"இல்ல."

எனக்குக் கேட்டது, கம்பளிப் போர்வைக்கு அப்பாலிருந்து ஒரு பெண் பேசுவதைப் போன்ற ஒலி. குரல் ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான். ஆங்கிலம் என்பதே அப்படிப்பட்ட மொழி என்று நான் இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்தேன்.

அப்போது உருளைக்கிழங்கு தீயும் வாசனை வந்தது. நான் அடுப்பின் பக்கம் திரும்பினேன்.

"வாசனை வந்ததும் திரும்புற," என்றாள் சில்வியான். "அடுப்பு மணி நாலு நிமிஷமா அடிச்சிட்டிருக்கு. நான் வேணும்னேதான் அணைக்கல."

அன்று நாங்கள் விளிம்பு கருகிய உருளைக்கிழங்கையே உண்டோம். உண்ணும்போது, அவள் பேசுகையில் நான் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதை முதன்முறையாக உணர்ந்தேன்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் செவிச் சோதனை நடைபெறும். கண்ணாடிச் சன்னல் கொண்ட சிறு அறைக்குள் தொழிலாளியை அமர்த்தி, காதுகளில் காதொலிப்பான்களை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே நர்ஸ் மதாம் பொன்வாலே அமர்ந்து, ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவார். ஒவ்வொரு முறையும் அவருடைய வலது முழங்கை ஒரு விரற்கடை அளவு உயரும். இதைச் சம்மட்டிக் கூடத்தில் அறியாதவர் இல்லை. புதிதாகச் சேருபவருக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்து விடுவோம். ஏனெனில், செவி கெட்டது என்று தாளில் பதிவானவர் மறுநாளே பெட்டி கட்டும் கொட்டகைக்கு அனுப்பப்படுவார். சம்மட்டியின் முன் நின்றவருக்கு உரிய முன்கூட்டிய ஓய்வும் அவருக்குக் கிடைக்காது.

நான் இச்சோதனையில் பத்து ஆண்டுகள் தேறியவன். வெறுமனே தேறவில்லை. முழங்கை உயர்ந்தபின் அரை நொடி பொறுத்து அழுத்துவேன். நம்பகத்தன்மைக்காக ஆண்டுக்கு இரண்டு ஒலிகளை வேண்டுமென்றே விட்டுவிடுவேன். சோதனைத் தாளில் என் செவித்திறனைக் காட்டும் கோடு, இருபது வயது இளைஞனுடையதைப் போல நேராக இருந்தது. அதைக் குறித்து எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின், பட்டம் வழங்கும் பயிற்சிக் கழகத்தின் விதிமுறை ஏட்டை முழுமையாக வாசித்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் அது இருந்தது. செவிக்குறை உடையவர், பணியிட மருத்துவரின் சான்றை மே மாத இறுதிக்குள் அளித்தால், கேட்டல் பகுதியிலிருந்து விலக்குப் பெறலாம். அவருக்கு வாசித்தல் மதிப்பெண் மட்டுமே, இருமடங்காக, கணக்கிடப்படும். எனக்கு வேண்டியது ஒரேயொரு தாள். மேல்தளத்து மேசைக்குக் காதுகள் தேவையில்லை.

இதை முதலில் யானிக்கிடம் சொன்னேன். அவன் என் பக்கத்துச் சம்மட்டியில் இருபத்தாறு ஆண்டுகள் நின்றவன். முழங்கையை எனக்குக் காட்டிக்கொடுத்தவனும் அவனே. உடைமாற்றும் அறையின் பலகையில் அமர்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க இஞ்சினியர் முசியே. ரெண்டு நாளா உங்க மூஞ்சி சூப்ல ஊறின ரொட்டி மாதிரி இருக்கே."

சொல்லி முடித்தேன். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"பத்து வருஷமா உன் கோடு மேசை மாதிரி நேரா இருக்கு. மார்ச்ல நேரா இருந்தது மே மாசம் கிணத்துல விழுந்தா, டாக்டர் என்னடா கேப்பாரு? எப்படின்னு கேப்பாரு. அடுத்த நாளே நாற்காலியச் சுவத்தப் பாக்கத் திருப்பிப் போடுவாங்க. அப்புறம் கூடத்துல இருக்குற எல்லாரையும் ஒவ்வொருத்தரா உக்கார வைப்பாங்க. நானும் உக்காரணும்."

"உனக்கு எவ்வளவு கேக்குது?"

"என்ன சொன்ன?"

அவன் விளையாடுகிறானா என்பது எனக்கு விளங்கவில்லை.

"ஓய்வுக்கு எனக்கு இன்னும் பதினெட்டு மாசம்," என்றான். "அதுக்கப்புறம் நீ போய் ரெண்டு காதையும் கழட்டி அவர் மேசையில வை. நானே வந்து சாட்சி சொல்றேன்."

"எனக்கு ஜூன்தான் கடைசி, யானிக்."

"தெரியும்டா." ரொட்டியைத் தாளில் மடித்து வைத்தான். "போகாதன்னு நான் சொல்லல. எட்டு வருஷம் நீ ரயில்ல போனதப் பாத்தவன் நான். சொல்ல மாட்டேன்."

அவன் போகாதே என்று சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மே இருபத்தாறாம் நாள், விண்ணப்பக் கெடுவுக்கு ஐந்து நாட்கள் முன்னர், மருத்துவ அறைக்குச் சென்றேன். மதாம் பொன்வாலே வியந்தார்.

"மார்ச்ல தானே வந்தீங்க, முசியே வோத்ரே? உங்க காது கண்காட்சியில வைக்கிற காதாச்சே."

"இன்னொரு தடவ பாத்துடலாம் மதாம்."

கண்ணாடி அறைக்குள் அமர்ந்தேன். கதவு மூடப்பட்டது. என் கண்கள் தாமாகவே அவருடைய முழங்கையைத் தேடின. பத்து ஆண்டுப் பழக்கம் அத்தகையது. ஆகவே கண்களை இறுக மூடிக்கொண்டேன். பொத்தானைக் கட்டைவிரலின் கீழ் வைத்துக் காத்திருந்தேன்.

தொடக்கத்தில் ஓரிரு தாழ்ந்த ஒலிகள், தொலைவில் ஓடும் எந்திரம் போல, கேட்டன. அழுத்தினேன். பின்னர் அமைதி. இரண்டாம் காதின் சோதனையைத் தொடங்கக் கருவியை மாற்றுகிறார் போலும் என்று எண்ணினேன். என் மூச்சை மட்டுமே கேட்டுக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன். ஒரு கை என் தோளைத் தொட்டது. கண்களைத் திறந்தேன். மதாம் பொன்வாலே காதொலிப்பான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "முடிஞ்சிடுச்சு முசியே," என்றார். "ரெண்டு காதும் முடிஞ்சிடுச்சு."

மருத்துவர் தெல்வோ இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்தார். மார்ச் மாதக் கோடு நேராகச் சென்றது. மே மாதக் கோடு நடுவில் உடைந்து, தாளின் அடிப்பகுதி வரை சரிந்தது. உலோகவியல் பயின்றவன் நான்; முறிவைக் காட்டும் வரைபடத்தை எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

"ரெண்டு மாசத்துல ஒரு காது இப்படி விழாது," என்றார் மருத்துவர். அவருடைய குரலில் கடுமை இல்லை. "ஒண்ணு, மார்ச்ல நீங்க என்னை ஏமாத்துனீங்க. இல்லேன்னா இன்னைக்கு ஏமாத்துறீங்க. பரீட்சைக்கு ஒரு தாள் வேணும்னு கேக்குறீங்க. அதனால கேக்குறேன்."

"நான் இன்னைக்கு ஏமாத்தல."

"நம்புறேன். ஆனா இதுல நான் கையெழுத்துப் போட்டா, மத்தவங்களோட மார்ச் தாள்ல எப்படிக் கையெழுத்துப் போட்டேன்னு எனக்கே பதில் சொல்லணும். அத்தனை பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். அங்க பொத்தான் கிடையாது, கருவியே பாத்துச் சொல்லிடும். அனுப்பட்டுமா?"

அவர் பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சுவருக்கு அப்பால் சம்மட்டிகள் அடித்துக்கொண்டிருந்தன. அவற்றை நான் கேட்கவில்லை. காலடியில், தரை வழியாக, உணர்ந்தேன். வலப்புறத்து அடி யானிக்கினுடையது. அது எப்போதும் என் அடிக்குச் சற்றுப் பின்னால் விழும். அன்று என் சம்மட்டி நின்றிருந்ததால் அது தனியாக விழுந்தது.

"சளி," என்றேன்.

"என்ன?"

"சளி பிடிச்சிருக்கு டாக்டர். காது அடைச்சிருக்கு. ஒரு வாரமா."

மருத்துவர் தெல்வோ சளி என்றே எழுதினார். "சளி குணமானதும் வாங்க," என்றார். இரண்டாம் தாளை நான்காக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

மாலையில் சில்வியான், தாள் கிடைத்ததா என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"மே மாசத்துல சளி," என்றாள்.

"ஆமா."

"யானிக்குக்குத் தெரியுமா?"

"இல்ல."

"சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன்."

அவள் துணி அலமாரியைத் திறந்து என் பயிற்சி நூலை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். பிறகு அடுப்பின் மேலிருந்த மணியை எடுத்து, அதன் சிவப்பு விளக்கு எனக்குத் தெரியும்படி என் தட்டுக்கு அருகில் வைத்தாள். அதற்குப் பிந்தைய நாட்களிலும் நான் ஐந்து மணி முதல் ஏழு மணி வரை பயின்றேன். பயிலாமல் அந்த இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தேர்வு ஜூன் பதினான்காம் நாள், ரேம்ஸ் நகரில் நடைபெற்றது. கூடத்தில் நூற்று இருபது பேர் இருந்தோம். பெரும்பாலோர் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதினர். ஒலிபெருக்கி முன்சுவரில், உயரத்தில் மாட்டப்பட்டிருந்தது. அது ஒரு சாம்பல் நிறப் பெட்டி; அதில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. கண்காணிப்பாளர் ஒரு நடுவயதுப் பெண்மணி. அவரைக் கூர்ந்து நோக்கினேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டல் பகுதி தொடங்கியது. கம்பளிப் போர்வைக்கு அப்பால் ஓர் ஆண் பேசினான், ஒரு பெண் பேசினாள், மீண்டும் ஓர் ஆண் பேசினான். என் இருக்கைக்கு முன்னால் அமர்ந்திருந்த இளம்பெண்ணின் பென்சில் அசைந்தது; நானும் ஒரு வட்டத்தைக் கருப்பாக்கினேன். அவளுடைய விடைத்தாள் எனக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் நான் பார்த்திருக்கமாட்டேன். அவள் எப்போது எழுதுகிறாள் என்பதை மட்டுமே பார்த்தேன். அந்த அளவில் நான் எந்த வினாவிலும் பிந்தவில்லை, முந்தவும் இல்லை. எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றே.

முப்பத்தொன்றாம் வினாவுக்குப் பின் ஒரு சிறு இடைவெளி வந்திருக்க வேண்டும். கூடமெங்கும் தலைகள் நிமிர்ந்தன, தோள்கள் தளர்ந்தன. பிறகு நூற்றுப் பத்தொன்பது பேரும் பக்கத்தைத் திருப்பினார்கள். நானும் அவர்களோடு, சரியான நேரத்தில், திருப்பினேன்.